கீழறையும் பம்புக் குழியும்

மவுண்ட் ரோஸ்கில்
9 ஜூன் 2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு, சுந்தரி எழுதுவது.

ஜூன் மாதத்தில் குளிர்காலம் வருகிற இந்த நாட்டில், பாட்டனி டவுன்ஸ் காற்று உங்களுக்கு ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். மகன் வீட்டில் இருக்கிறீர்கள். ஒரு தாய்க்கு அதைவிட என்ன வேண்டும். "உங்க சம்பந்தி இன்னும் மக வீட்டுச் சோத்துலதான் இருக்காங்களா?" என்று உறையூரில் என் நாத்தனார் கேட்டபோதெல்லாம், "பேத்தியைப் பாத்துக்கப் போனாங்க, பாவம்" என்று உங்களுக்காக நான்தான் பரிந்து பேசியிருக்கிறேன். இனி அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

உங்கள் அறை நன்றாக இருக்கிறது. உங்கள் அறை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நீங்கள் விட்டுப்போன புடவைகளையெல்லாம் பீரோவின் அடித்தட்டுக்கு இறக்கிவிட்டு, என்னுடையவற்றை மேலே அடுக்கியிருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். போனில் கேட்கலாம், ஆனால் இந்த வீட்டில் போன் சமையல் மேடைமேல் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது, எல்லாருக்கும் காது இருக்கிறது. அறைக்கு அடுத்த சலவை அறையில், தரையில் பலகை மூடிய குழி ஒன்று இருக்கிறதே, அதற்குள் பம்பு உறுமுகிறது. சரிவைத் தோண்டிக் கட்டிய கீழ்த்தளம், மழைத் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குத்தான் ஊறி வரும், பம்பு வெளியே தள்ளாவிட்டால் அறைக்குள் வந்துவிடும் என்று அகில் சொன்னான். "அத்தைதாம்மா அதைப் பாத்துக்கிட்டாங்க. உன்னால முடியுமா?" என்று கேட்டான். பக்கத்தில் தேவதர்ஷினி நின்றுகொண்டிருந்தாள். உங்கள் மகள் எதிரில் முடியாது என்று எப்படிச் சொல்வது? "உங்க அத்தைக்கு முடிஞ்சது எனக்கு முடியாதா" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அது நெடுநேரம் உறுமுகிறது, தண்ணீர் மெதுவாகத்தான் இறங்குகிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

சுந்தரி

பாட்டனி டவுன்ஸ்
15 ஜூன் 2025

சம்பந்தி அம்மாவுக்கு, ராஜாமணி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தை மருமகள் விஷாலினி தபால் பெட்டியிலிருந்து இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். மலேசியாவில் பிறந்த பெண், தமிழ் பேசுவாள், படிக்க வராது. நல்லதாகப் போயிற்று.

நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவள். உங்களைப் போலத் தாலுகா ஆபீஸில் டைப் அடித்தவள் இல்லை. எழுத்து கோணலாக இருக்கும், ஞாபகம் கோணாது. நிச்சயத்தன்று தாராபுரத்தில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் அரக்குப் புடவையின் தலைப்பை விரலால் நிமிண்டிப் பார்த்து, "இது பட்டுதானா?" என்று கேட்டீர்கள். அப்போது உங்கள் வாயில் என் வீட்டு அதிரசம் இருந்தது. கல்யாணத்தில் என் அண்ணனை முதல் பந்தியில் உட்காரவிடாமல் எழுப்பினீர்கள். அவர் கையைப் பிசைந்துகொண்டு தூணோரம் நின்றார். செத்துப் போகிறவரை அதைச் சொல்லிச் சொல்லித்தான் செத்தார். இப்போது நான் மகள் வீட்டுச் சோறு தின்றதற்கு நீங்கள் பரிந்து பேசினீர்களாம். அந்தச் சோற்றை ஆக்கிப் போட்டதே நான்தான்.

நீங்கள் படுத்திருப்பது என் அறை. பழக்கத்தில் எழுதினாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். "அத்தை வந்திருக்காங்கம்மா, கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல இரு, குளிர் முடிஞ்சதும் வந்துரு" என்று மகள் சொன்னதால் ஒரே ஒரு பெட்டியோடு வந்தேன். குளிர் முடிந்ததும் வருவேன். அந்த அறையையும் பேத்தி ஸ்ருதியையும் நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

இங்கே எனக்கு விட்டிருக்கும் அறையில் ஒரு நடக்கிற இயந்திரம் நிற்கிறது. அதில் யாரும் நடப்பதில்லை, துணி காய்கிறது. வெற்றி வேலைக்குப் போகும்போது "சாப்டியாம்மா" என்று கேட்பான். பதிலுக்கு நிற்பதில்லை. பெற்ற மகன்தான்.

சரி, பம்பு. உங்களுக்காகச் சொல்லவில்லை. அந்தக் குழி நிறைந்தால் ஈரம் சுவர் வழியே ஏறி ஸ்ருதி படுக்கிற அறைக்குப் போகும், பிள்ளைக்கு இழுப்பு வரும். அவள் ஒரு மூச்சுக்குப் போராடுவதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவள் நான்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பம்பைக் கயிற்றைப் பிடித்துத் தூக்க வேண்டும், ஒயரைப் பிடித்துத் தூக்கினால் பிய்ந்துவிடும். அடியில் சல்லடை மாதிரி இருக்கும். அதில் நூலும் முடியும் அப்பிக் கிடக்கும், பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். பக்கத்தில் பேரிக்காய் அளவில் ஒரு மிதவை தொங்கும். தண்ணீர் ஏறினால் அது ஏறும், அது ஏறினால்தான் பம்பு ஓடும். ஆகவே அது எதிலும் சிக்காமல் ஆட வேண்டும். பிறகு குழிக்குள் கையை விட்டு அடியில் படிந்த மண்ணை வழித்தெடுங்கள். மண்தான் அந்தப் பம்புக்கு எமன். பொடிக்கல் போனால்கூடக் கடகடவென்று துப்பிவிடும். களிமண் போனால் உள்ளே சுற்றுகிற விசிறியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் பம்பை இறக்கி, பிளக்கைச் சொருகி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஓடிவிட்டு நின்றால் சரி.

மழைக்காலம் முழுக்க இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். "ஒரு ஆளைக் கூப்பிடலாம் அத்தை, சனிக்கிழமை பாக்கலாம்" என்பார் மாப்பிள்ளை. அந்தச் சனிக்கிழமை நான் இருந்தவரை வரவில்லை. அதனால்தான் நான் வேண்டியிருந்தேன். எனக்கு அந்த அறையைக் கொடுத்தது மகளும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அந்தக் குழி கொடுத்தது.

ராஜாமணி

மவுண்ட் ரோஸ்கில்
6 ஜூலை 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன், பம்பு ஓடுகிறது. நன்றி. கையை எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த நாற்றம் போகவில்லை. நான் முழங்கால் போட்டுக் குனிந்திருந்தபோது ஸ்ருதி படிக்கட்டில் வந்து நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஓ, அம்மிச்சி ஸ்மெல்ஸ் லைக் தட்" என்றாள். அம்மிச்சி மேலும் இதே நாற்றமாம், உங்களைத்தான் சொல்கிறாள். குழந்தைதானே, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மனதில் வைத்துக்கொள்வது பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். நான் இங்கே வருகிறேன் என்று கேட்டு வரவில்லை. உங்கள் மகள்தான் திருச்சிக்குப் போன் போட்டாள். "நீங்க வந்து இருங்க அத்தை. எங்கம்மா எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கிட்டே இருக்காங்க. நான் காலேஜ்ல யார்கூட சண்டை போட்டேன்னுகூட இன்னிக்கு எடுத்துச் சொல்றாங்க. மூச்சு முட்டுது" என்றாள். "கொஞ்ச நாள்" என்று உங்களிடம் சொன்னது, நீங்கள் பெட்டியைத் தூக்குவதற்காக. குளிர் முடிந்ததும் என்று ஒரு பேச்சு இங்கே யாருடைய வாயிலும் நான் கேட்கவில்லை. கோடைக்கு அகில் சுவருக்குப் புதிய பெயிண்ட் அடிக்கப் போகிறான், நிறத்தை என்னைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறான்.

ஆனால் சம்பந்தி, உண்மையைச் சொன்னால் நீங்கள் எப்படித்தான் இதில் படுத்தீர்களோ. போர்வை காலையில் ஈரமாக இருக்கிறது. என் முட்டி இரண்டும் மரத்துப்போகின்றன. மேலே ஸ்ருதியின் அறையில் இன்னொரு கட்டில் தாராளமாகப் போடலாம். அகிலிடம் சொன்னேன். "அதான் கீழ ரூம் இருக்கேம்மா. அவளுக்குத் தனி ரூம் வேணும்" என்று முடித்துவிட்டான். உங்களுக்குப் பழகியது எனக்கும் பழகும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது. எல்லாரும் ஒரே மாதிரியா வளர்ந்தோம்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுந்தரி

பாட்டனி டவுன்ஸ்
13 ஜூலை 2025

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு மகளுக்குப் போன் போட்டேன். "அத்தையை நீதான் கூப்பிட்டியா?" என்று கேட்டேன். குக்கர் சத்தம் கேட்டது, நீங்கள் தட்டு எடுத்து வைக்கிற சத்தமும் கேட்டது. "ம்மா, இப்ப எதுக்கு அதெல்லாம். அப்புறம் பேசறேன்" என்றாள். அப்புறம் பேசவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அவளை விடுங்கள், அவளை நான் பெற்றேன், அவள் கணக்கு என்னோடு. நீங்கள் அவள் சொன்னதை ஒரு வார்த்தை சிந்தாமல் பொறுக்கி, காகிதத்தில் மடித்து, தபால் தலை ஒட்டி அனுப்பினீர்களே, அதற்கு ஒரு மனசு வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது நான் பார்க்க வந்தேன். வாசலிலேயே நிற்க வைத்து, "இப்பதான் தூங்கினார்" என்று சொல்லி, டம்ளரில் பாதிக் காபி கொடுத்து அனுப்பினீர்கள். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மனசுதான் இது.

ஸ்ருதி என்னை நாறுகிறாள் என்றாளாம். அவள் சொல்லியிருப்பாள். நான் குழியிலிருந்து எழுந்து வரும்போதெல்லாம் அவள் அப்படிச் சொல்லிக்கொண்டு என் முதுகில் ஏறிக்கொள்வாள். இரண்டாவதை நீங்கள் எழுதவில்லை, ஏனென்றால் உங்கள் முதுகில் அவள் ஏறவில்லை.

அந்தக் குழியைப் பற்றி உங்களுக்கு நான் சொன்னது பாதி. மீதி என்னிடம் இருக்கிறது. எந்த மழைக்கு எந்தப் பக்கமிருந்து தண்ணீர் வரும், எப்போது பம்பு சும்மா சுற்றும், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எல்லாம் என் காதுக்குத் தெரியும். எழுத மாட்டேன். உங்களால் முடியவில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்னால் என்னைக் கூப்பிடுவார்கள், நான் என் அறைக்கு வருவேன், நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போங்கள். சொல்ல மாட்டீர்கள் என்றால் தண்ணீர் சொல்லும்.

ராஜாமணி

மவுண்ட் ரோஸ்கில்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கோபத்தை மறந்துவிட்டேன், நீங்களும் மறந்திருப்பீர்கள். பண்டிகை வருகிறது.

சான்ட்ரிங்ஹாம் கடையில் இந்த வருடம் களிமண் பிள்ளையார் வந்திருந்தது. பெயிண்ட் அடிக்காதது, ஒரு முழ உயரம், நல்ல கனம். ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். சதுர்த்தி புதன்கிழமை வருகிறது. உங்களையும் கொழுக்கட்டைக்குக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. வேலை நாளில் பாட்டனிவரை வந்து அழைத்துப் போவது யார் என்று அப்படியே விட்டுவிட்டோம். தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

எனக்கு ஒரு யோசனை வேண்டும். பூஜை முடிந்தபின் பிள்ளையாரை எங்கே கரைப்பது? ஊரில் என்றால் கிணறு, காவிரி. இங்கே கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் கார் வேண்டும், அகில் சனிக்கிழமை என்கிறான். நீங்கள் எந்தச் சனிக்கிழமையைச் சொன்னீர்கள் என்று இப்போது புரிகிறது. தேவதர்ஷினியைக் கேட்டேன். "அம்மாதான் எங்கயோ கரைப்பாங்க அத்தை, எனக்குத் தெரியாது" என்றாள். இத்தனை வருடம் நீங்கள்தானே இந்த வீட்டில் சதுர்த்தி கொண்டாடியிருக்கிறீர்கள். வழக்கம் மாறக் கூடாது. எங்கே கரைத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

பம்பு நன்றாக ஓடுகிறது. மழை விடவே இல்லை.

சுந்தரி

பாட்டனி டவுன்ஸ்
21 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். சாமி காரியத்தில் கோபதாபம் கூடாது. நீங்கள் பெரிய மனசு பண்ணிக் கேட்டிருக்கிறீர்கள், நானும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் பம்புக் குழியில்தான் கரைப்பேன். குழி என்று பார்க்காதீர்கள். மண்ணிலிருந்து ஊறி வருகிற தண்ணீர், யாரும் வாய் வைக்காதது, அந்த வீட்டுக்குக் கிணறு என்று இருப்பது அதுதான். மூடியைத் திறந்து, பூவை எடுத்துவிட்டு, பிள்ளையாரைப் பம்பை ஒட்டி மெதுவாக இறக்குங்கள். இரண்டு நாளில் தானாகக் கரைந்துவிடும். பெரிய பிள்ளையாராக வாங்கியது ரொம்ப நல்லது. மழைநாளாகப் பார்த்து இறக்கினால் தண்ணீர் நிறைய இருக்கும், சீக்கிரம் கரையும்.

ஸ்ருதிக்கு எள்ளுக் கொழுக்கட்டை பிடிக்கும், தேங்காய்ப் பூரணம் பிடிக்காது.

ராஜாமணி

பாட்டனி டவுன்ஸ்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

வெற்றி சொல்லித்தான் தெரியும். கீழே முழுக்கத் தண்ணீராமே. கார்ப்பெட் எல்லாம் ஊறிப்போய், சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டதாமே. பம்புக்குள் களிமண் அடைத்து, மிதவை சேற்றில் ஒட்டிக்கொண்டு எழவே இல்லையாம், கருகிய வாடை வந்ததாம். மாப்பிள்ளை போனில் வெற்றியிடம் தலையில் அடித்துக்கொண்டாராம். "எங்கம்மா போயி சாமியக் கொண்டுபோய் அதுல போட்டிருக்காங்க மச்சான், என்னத்தச் சொல்றது" என்றாராம். வெற்றி அதை விஷாலினியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

உங்களுக்கு வயதாகிவிட்டது சம்பந்தி. புது இடம், புது இயந்திரம். யார் வீட்டிலும் நடக்கிறதுதான், அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாத்தனார் போனில் கேட்டால் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுங்கள், ஊரில் சிரிப்பார்கள்.

என் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். மகள் இன்னும் பேசவில்லை, வேலையில் இருப்பாள். கார்ப்பெட் மாற்றுகிற வரை சலவை அறையில்கூடப் படுத்துக்கொள்வேன், எனக்கு அந்த வாடை பழக்கம் என்று அவளிடம் சொல்லுங்கள். உங்களுக்கு டிக்கெட் போட்டாயிற்றா? திருச்சியில் இப்போது வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும்.

ராஜாமணி

மவுண்ட் ரோஸ்கில்
22 செப்டம்பர் 2025

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வீட்டில் ஒரே சத்தம். சுவர்ப் பலகைகளையெல்லாம் பெயர்த்து எடுத்தார்கள், இப்போது கீழே வெறும் மரச்சட்டமும் சிமெண்டுத் தரையும்தான். சேதம் பார்க்க வந்த ஆள் ஈரம் அளக்கிற மீட்டரைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, இது ஆள் படுக்கிற அறையாகவே இருந்திருக்கக் கூடாது, சாமான் போட்டு வைக்கிற இடம், இனி யாரையும் இங்கே படுக்கவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அகிலும் தேவதர்ஷினியும் அதன்படியே முடிவு செய்துவிட்டார்கள். கீழ்த்தளம் முழுவதற்கும் பூட்டுப் போட்டாகிவிட்டது. உங்கள் அறை இனி இல்லை. இந்தத் தடவை பழக்கத்தில் எழுதவில்லை, தெரிந்துதான் எழுதுகிறேன்.

எனக்கு மேலே ஸ்ருதியின் அறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். வெயில் நேரே படுக்கையில் விழுகிறது. காலையில் அவள் எழுந்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், இப்போது தலை பின்னிவிடச் சொல்லி என்னிடம்தான் வருகிறாள்.

நீங்கள் சந்தோஷமாகப் பெட்டி கட்டியதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன். உறையூரில் எங்கள் கிணற்றில் ஒரு சதுர்த்திக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இவ்வளவு பெரிய களிமண் பிள்ளையாரைப் போட்டுவிட்டார்கள். மோட்டார் இழுக்கவில்லை. என் வீட்டுக்காரர் கிணற்றில் இறங்கி, குழாயில் அடைத்த களிமண்ணை உளியால் நோண்டி எடுத்தார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். களிமண் பம்பை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? நீங்களே முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், மண்தான் எமன் என்று. ஆத்திரத்தில் அதை மறந்துவிட்டீர்கள். உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

உங்கள் பதிலைப் படித்ததும் புரிந்துவிட்டது, நீங்கள் என்னை அந்த அறையிலிருந்து கிளப்பப் பார்க்கிறீர்கள் என்று. எனக்கும் அதுதானே வேண்டும். நான் சொன்னால் மேலே கட்டில் போட மாட்டேன் என்றவன், தண்ணீர் சொன்னால் போடுவான். நல்ல மழைநாளாகப் பார்த்து, தேங்காய் உடைத்து, நீங்கள் சொன்னபடி பம்பை ஒட்டி மெதுவாக இறக்கினேன். பிறகு என் துணிமணியை மேலே ஏற்றி வைத்துவிட்டு, கோவிலுக்குப் போய் வருகிறேன் என்று பக்கத்து வீட்டு எலிசபெத் காரில் ஏறிக்கொண்டேன்.

நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. "எனக்கு இந்த மோட்டார், பம்பு ஒண்ணும் தெரியாதுடா, தெரியாமப் பண்ணிட்டேன்" என்று அழுதேன். "விடும்மா, நீ என்ன பண்ணுவ" என்று அகில் என் தோளைப் பிடித்துக்கொண்டான். உங்கள் மகள் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

பீரோவின் அடித்தட்டில் இருந்த உங்கள் புடவைகளெல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஊறிவிட்டன, குப்பைத் தொட்டியில் போட வேண்டியதாயிற்று. அந்த அரக்குப் புடவையும் இருந்தது. நான்தான் எடுத்துப் பிழிந்து போட்டேன். நல்ல பட்டுதான் சம்பந்தி, அத்தனை தண்ணீரிலும் சாயம் போகவில்லை.

புதுப் பம்பு வைத்து, குழிக்கு இரும்பு மூடி போட்டுத் திருகாணியால் முடுக்கிவிட்டார்கள். இனி யாரும் அதில் கை வைக்க வேண்டாமாம். நீங்கள் அங்கே நிம்மதியாக இருங்கள்.

சுந்தரி

பாட்டனி டவுன்ஸ்
28 செப்டம்பர் 2025

சம்பந்தி அம்மாவுக்கு, ராஜாமணி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்தை ஒரு தரம்தான் படித்தேன். எனக்கு ஒரு தரம் போதும்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். விஷாலினி பார்த்துவிட்டு, "போகலையாம்மா?" என்று கேட்டாள். அவளும் நான் போவேன் என்று இருந்திருப்பாள். இல்லை என்றேன். அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருந்தால் அதையும் எனக்கு எழுதி அனுப்பியிருப்பீர்கள்.

அறை போய்விட்டது. அது உங்களால் போனது பாதி, என் கையெழுத்தால் போனது பாதி. இல்லையென்று சொல்ல மாட்டேன், வருத்தம் என்றும் சொல்ல மாட்டேன். உங்களை அந்த வீட்டிலிருந்து விரட்டலாம் என்று எழுதினேன், மாடியில் ஏற்றி வைத்துவிட்டேன். உங்கள் தலையில் மூளை இருக்கிறது.

ஆனால் நீங்கள் கிணற்று மோட்டார் பார்த்தவர், அந்தக் குழியைப் பார்த்தவர் இல்லை. கிணற்றில் மண் ஒரு தரம் விழுந்தால் ஒரு தரம் எடுத்தால் போதும். அந்தக் குழிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற குழாய் வீட்டைச் சுற்றிப் புதைந்து கிடக்கிறது. அதன் வழியாகச் சரிவு மண் மழைக்கு மழை வந்துகொண்டேதான் இருக்கும். புதுப் பம்பு, பழைய பம்பு என்று மண் பார்க்காது. போதாததற்குத் தண்ணீர் ஏறி நின்றபோது நீங்கள் கரைத்த களிமண்ணும் அந்தக் குழாய்க்குள் பின்னால் போயிருக்கும். வந்த ஆள் குழியைக் கழுவியிருப்பான், குழாயைக் கழுவியிருக்க மாட்டான். ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அள்ளாமல் விட்டால் மறுபடி மிதவை ஒட்டும். அறைதான் காலியாக இருக்கிறதே, தண்ணீர் நின்றால் நிற்கட்டும் என்று பூட்டிவிட்டுப் போவார்கள். கார்ப்பெட்டும் பலகையும் இல்லாத இடத்தில் தண்ணீர் நிற்பது யாருக்கும் தெரியாது. ஈரம் மட்டும் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். மேலே இருப்பது ஸ்ருதியின் அறை.

நீங்கள் அகிலிடம் சொல்லலாம். என்ன சொல்வீர்கள்? ஒண்ணும் தெரியாது என்று அழுதவர், இப்போது குழாயும் களிமண்ணும் மிதவையும் பேசினால் அவர் ஒரு நிமிஷம் உங்களை உற்றுப் பார்ப்பார். என் மகளும் பார்ப்பாள். அவள் என் மகள், ஒரு நூல் கிடைத்தால் விட மாட்டாள். ஆள் வைத்து அள்ளச் சொல்லலாம். சனிக்கிழமை என்பார்.

நான் என் மகளிடம் சொல்லலாம். சொல்ல மாட்டேன். என் ஞாபகம் அவளுக்கு மூச்சு முட்டுகிறதாம், இதையும் நானே வைத்துக்கொள்கிறேன். பேத்திக்கு நான் இப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் தலையைப் பின்னிவிடுகிறவள் பார்த்துக்கொள்ளட்டும்.

இழுப்பு உடனே வராது. முதலில் அவள் தூக்கத்தில் வாயைத் திறந்துகொள்வாள். அப்புறம் நெஞ்சுக்குள் சன்னமாக ஒரு கீச்சுச் சத்தம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அடுத்த அறையில் கேட்காது, காலையில் அவள் உதடு வெளுத்த பிறகுதான் தெரியும். உங்களுக்கு முன்னாலேயே கேட்கும், பக்கத்துக் கட்டிலில் இருக்கிறீர்கள். ஒரு தரம் கேட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு மழைக்கும் காது தானாக அங்கே போய் நிற்கும், தூக்கம் வராது. எல்லாரும் வெளியே போகிற வரை காத்திருந்து, பூட்டைத் திறந்து, மூடியின் திருகைக் கழற்றி, முட்டி போட்டுக் கையை உள்ளே விட வேண்டும். அவர்கள் வருவதற்குள் நாற்றம் போகக் கழுவ வேண்டும். ஏன் இறங்கினீர்கள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. நன்றி என்று சொல்லவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் ஒரு அறைக்காக அதில் இறங்கினேன். நீங்கள் ஒன்றுக்கும் இல்லாமல் இறங்க வேண்டும், உங்கள் முட்டி உள்ளவரை.

இங்கே நேற்றிலிருந்து மழை. அங்கேயும் பெய்யும்.

ராஜாமணி